சீசனின் முதல் ஆட்டம் முடிந்தது, நம்ம டீமின் அஃபென்ஸ் தேறுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) சீசன் தொடங்கும். முதல் சனிக்கிழமை ஆட்டம் முடிந்த ராத்திரியே ரசிகர்கள் தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஜெயித்தவர்களுக்குக் கோப்பை கைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். தோற்றவர்கள் கோச்சை மாற்றச் சொல்வார்கள். இரண்டுமே அவசரம்தான். ஆனால் முதல் ஆட்டத்தில் ஒன்றுமே தெரியாது என்று ஒதுக்குவதும் தப்பு. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் அதில் நிறையவே தெரியும்.

இதற்கு உதாரணமாக இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், டைகர் ஸ்டேடியத்தில் நடந்தவை. 2019 ஆகஸ்ட் 31 அன்று எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஜார்ஜியா சதர்னை 55–3 என்று ஜெயித்தது. 2020 செப்டம்பர் 26 அன்று அதே மைதானத்தில் மிசிசிப்பி ஸ்டேட் வந்து எல்எஸ்யூவை 44–34 என்று தோற்கடித்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) சாதனைப் புத்தகத்தைத் தொட்டார். ஒருவரின் அணி தேசிய சாம்பியன் ஆனது. மற்றவரின் அணிக்கு இரண்டே வாரத்தில் புள்ளி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அஃபென்ஸ் என்றால் என்ன? புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பந்து யார் பக்கம் இருக்கிறதோ அந்தப் பதினோரு பேர்தான் அஃபென்ஸ். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ரிசீவருக்கு எறிவார், இல்லாவிட்டால் ரன்னிங் பேக் கையில் கொடுத்து ஓடவிடுவார். முன்வரிசையில் நிற்கும் ஐந்து பெரிய ஆட்கள் அஃபென்சிவ் லைன். எதிரணியின் டிஃபென்ஸ் குவார்ட்டர்பேக்கை நெருங்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. எதிரணிப் பக்கத்தின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. மற்ற விதிகள் பார்க்கப் பார்க்கப் பிடிபட்டுவிடும்.

2019 முதல் ஆட்டத்தில் அப்படி என்ன நடந்தது?

எல்எஸ்யூவின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 27 பாஸ் எறிந்தார். 23 போய்ச் சேர்ந்தன. 278 யார்டு, 5 டச்டவுன். அந்த 5 டச்டவுனும் முதல் பாதியிலேயே வந்துவிட்டன. ஒரே ஆட்டத்தில் அத்தனை டச்டவுன் பாஸ் என்பது அந்தக் கல்லூரியின் சாதனையைச் சமன் செய்தது. இடைவேளையில் ஸ்கோர் 42–3. இரண்டாம் பாதியில் பர்ரோவை உட்காரவைத்துவிட்டு மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினார்கள். டெரஸ் மார்ஷல் ஜூனியர் மட்டும் மூன்று டச்டவுன் பாஸ் பிடித்தார்.

பலவீனமான அணியை அடிப்பது பெரிய அணிகளுக்குப் பழக்கம்தானே? எல்எஸ்யூ ரசிகர்கள் ஏன் அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டார்கள்?

அவர்கள் பல வருடமாக எதைப் பார்த்துப் பழகியிருந்தார்கள் என்று தெரிந்தால் இது புரியும். எல்எஸ்யூவில் திறமைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. லூசியானாவில் பிறந்து என்எஃப்எல் (தொழில்முறை லீக்) வரை போன ரிசீவர்கள் ஏராளம். ஆனால் அணி ஆடிய ஆட்டம் பழைய பாணி: இறுக்கமான ஃபார்மேஷன், முதல் டவுனில் நடுவே ஓட்டம், இரண்டாம் டவுனிலும் ஓட்டம், மூன்றாம் டவுனில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒரு பாஸ். சாதாரண அணிகளிடம் அது செல்லும். அலபாமா யூனிவர்சிட்டி அணியிடம் செல்லவே இல்லை. 2011 சீசன் முடிந்து 2012 ஜனவரியில் நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டம் தொடங்கி எட்டு முறை வரிசையாக அலபாமாவிடம் தோல்வி. 2018இல் இதே டைகர் ஸ்டேடியத்தில் 29–0. சொந்த மைதானத்தில் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை.

பர்ரோவும் 2018இல் சுமார்தான். ஒஹாயோ ஸ்டேட்டில் தொடக்க இடம் கிடைக்காமல் எல்எஸ்யூவுக்கு மாறி வந்தவர். அந்த வருடம் 13 ஆட்டத்தில் 16 டச்டவுன் பாஸ், எறிந்ததில் 57.8 சதவீதம்தான் சேர்ந்தது. அடுத்த சீசனின் முதல் அரை ஆட்டத்தில் ஐந்து! அந்த ரசிகர்களின் பரவசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் ஸ்கோர் மட்டும் இல்லை. களத்தில் ஆட்கள் நின்ற விதமே வேறாக இருந்தது.

அந்த மாற்றத்தை யார் செய்தது? என்ன செய்தார்?

தலைமைக் கோச் எட் ஒர்ஜரான், 2018 சீசன் முடிந்ததும் என்எஃப்எல்லின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடியை அழைத்து வந்தார். அப்போது பிரேடிக்கு 29 வயதுதான். பொறுப்பு பாஸிங் கேம் கோ-ஆர்டினேட்டர். ஆட்டத்தில் எந்த பிளே (ஒரு முயற்சிக்கான திட்டம்) ஆடுவது என்று அறிவித்தவர் அனுபவசாலியான ஸ்டீவ் என்ஸ்மிங்கர். இவர் எல்எஸ்யூவின் பழைய குவார்ட்டர்பேக். இளைஞரின் யோசனையும் பெரியவரின் அனுபவமும் மோதிக்கொள்ளாமல் சேர்ந்து போனதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. சீசன் முடிவில் நாட்டின் சிறந்த உதவி கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது பிரேடிக்குக் கிடைத்தது. ஆனால் என்ஸ்மிங்கரை விட்டுவிட்டு இந்த அஃபென்ஸைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

பிரேடி கொண்டுவந்த முக்கிய விஷயம், லைனையும் குவார்ட்டர்பேக்கையும் தவிர மீதி ஐந்து பேரையும் பாஸ் பிடிக்க அனுப்புவது. வழக்கமாக ரன்னிங் பேக், டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) இருவரில் ஒருவரையாவது குவார்ட்டர்பேக்கின் பாதுகாப்புக்கு நிறுத்துவார்கள். எல்எஸ்யூ அவர்களையும் விரித்து நிறுத்தியது. லைனில் ஐந்து பேர் மட்டுமே காவல். ஆபத்துதான். ஆனால் டிஃபென்ஸ் அகலமாக விரிய வேண்டியிருப்பதால், யார் எங்கே நிற்கிறார், யார் பாயப் போகிறார் என்பதைப் பர்ரோ ஸ்னாப்புக்கு (பந்து அவர் கைக்கு வரும் கணம்) முன்பே படித்துவிடுவார். அப்புறம் ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்). குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே ஒரு குறிப்பிட்ட லைன்பேக்கரைப் (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) பார்ப்பார். அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால் பந்தை உருவி அவர் விட்டுவந்த இடத்துக்கு எறிவார். வராவிட்டால் ஓட்டத்துக்கே கொடுத்துவிடுவார். அந்த லைன்பேக்கர் எதைச் செய்தாலும் மாட்டிக்கொள்வார்.

ஜார்ஜியா சதர்ன் என்ன பெரிய அணியா? அந்த 55 புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்?

2018இல் அது 10 ஆட்டம் ஜெயித்த அணி. மோசமான அணி என்று சொல்ல முடியாது. ஆனால் எல்எஸ்யூ ஆடும் எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) போன்ற பெரிய கான்ஃபரன்ஸின் உடல் பலம் அதன் டிஃபென்ஸில் இல்லை. தட்டையான ஆடுகளத்தில் அடித்த சதத்தைக் கிரிக்கெட் ரசிகர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் அந்த 55ஐயும் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைக் கழித்துக்கொள்ளலாம், அடித்த விதத்தைக் கழிக்க வேண்டாம்.

சரி, ஸ்கோரை விட்டுவிட்டால் முதல் ஆட்டத்தில் எதைத்தான் பார்ப்பது?

முதலில் ஸ்னாப்புக்கு முந்தைய பத்து விநாடியைப் பாருங்கள். டிவியில் அந்த நேரத்தில் கோச்சின் முகத்தையோ கூட்டத்தையோ காட்டுவார்கள், ஆனாலும் பாதி நேரமாவது களம் தெரியும். எல்லாரும் சீக்கிரம் அவரவர் இடத்துக்கு வருகிறார்களா? குவார்ட்டர்பேக் ஏதோ பார்த்துவிட்டுக் கை காட்டி பிளேயை மாற்றுகிறாரா, இல்லை ஒவ்வொரு முறையும் சைட்லைனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? 2019 எல்எஸ்யூ ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தால் பர்ரோ லைனுக்கு வந்ததும் ஆட்களை நகர்த்துவது தெரியும். இது எதிரணியின் பலத்தைப் பொறுத்தது இல்லை. பலவீனமான அணிக்கு எதிராகவும் குழம்பும் குவார்ட்டர்பேக் பலமான அணிக்கு எதிராகத் தெளிந்துவிட மாட்டார்.

அடுத்தது, பந்து கையை விட்டுப் போகும் நேரம். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து புறப்பட்டுவிட்டால் இருவரும் சேர்ந்து நிறையப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரிசீவர் தனியாக நின்று கையை ஆட்டிய பிறகு பந்து வருகிறது என்றால், அன்று டச்டவுனே ஆனாலும் பெரிய ஆட்டத்தில் அதே பந்தை இன்னொருவர் நடுவில் புகுந்து பிடித்துவிடுவார்.

மூன்றாவது, பந்து எத்தனை பேருக்குப் போகிறது. அன்று மார்ஷல், ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் மூவருமே டச்டவுன் பிடித்தார்கள். ஒருவரை மட்டும் அடைத்துவிட்டால் நின்றுபோகும் அஃபென்ஸ் இல்லை இது என்பது அப்போதே தெரிந்தது. இன்று ஜெஃபர்சனும் சேஸும் என்எஃப்எல்லின் மிகச் சிறந்த ரிசீவர்கள் வரிசையில் இருக்கிறார்கள் என்பது அந்த ராத்திரி யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, பந்து பரவியது கண்ணுக்குத் தெரிந்ததே போதும்.

கடைசியாக ஒன்று, இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். திட்டம் தப்பினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அஃபென்ஸ் எழுதிவைத்தபடி நடக்கும் பிளேகள் பயிற்சி மைதானத்திலும் நன்றாகத்தான் இருக்கும். லைன் உடைந்து ஒருவர் பாய்ந்து வரும்போது குவார்ட்டர்பேக் பந்தை எங்காவது எறிந்து தப்பிக்கிறாரா, கண்ணைக் களத்தின் மேல் வைத்தபடியே நகர்ந்து அடுத்த ஆளைத் தேடுகிறாரா? ஜார்ஜியா சதர்ன் ஆட்டத்தில் இதற்கு அதிக வாய்ப்பு வரவில்லை. அடுத்த வாரமே வந்தது.

அடுத்த வாரம் என்ன ஆனது?

செப்டம்பர் 7, ஆஸ்டின். எதிரணி டெக்சாஸ், அப்போது தரவரிசையில் 9ஆம் இடம். எல்எஸ்யூ 6ஆம் இடம். கடைசிக் கட்டத்தில் எல்எஸ்யூ 37–31 என்று முன்னிலை. கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம் மீதி. மூன்றாம் டவுன், 17 யார்டு வேண்டும், பந்து சொந்தப் பக்கம் 39ஆவது யார்டில்.

பழைய எல்எஸ்யூவாக இருந்தால் நடுவே ஓடி, கடிகாரத்தைக் கரைத்து, பந்தை உதைத்து அனுப்பிவிட்டு டிஃபென்ஸ் காப்பாற்றட்டும் என்று இருந்திருக்கும். இப்போது பாஸுக்கே போனார்கள். டெக்சாஸ் கூடுதல் ஆட்களை அனுப்பிப் பாய்ந்தது. பர்ரோ பின்வாங்காமல் முன்னே நகர்ந்து, உடம்பில் மோதல் வரும் நேரத்தில் எறிந்தார். ஜெஃபர்சன் பிடித்தார், தடுக்க வந்தவரைக் கடந்து ஓடி 61 யார்டு டச்டவுன். முடிவு 45–38. பர்ரோ 471 யார்டு, 4 டச்டவுன். ஜெஃபர்சன், சேஸ், மார்ஷல் மூவரும் ஆளுக்கு நூறு யார்டுக்கு மேல்.

முதல் ஆட்டத்தில் இந்த அணிக்கு என்ன செய்ய ஆசை என்பது தெரிந்தது. அந்த ஆசையை நெருக்கடியிலும் கைவிட மாட்டார்கள் என்பது ஆஸ்டினில் தெரிந்தது. என்னைக் கேட்டால் எல்எஸ்யூ ரசிகர்கள் நம்பத் தொடங்க வேண்டிய நாள் அதுதான்.

முதல் ஆட்டத்தில் எல்எஸ்யூவின் ரன் கேம் சாதாரணமாகத்தான் இருந்தது என்றார்களே. அந்தக் கவலை சரிதானா?

கேட்க வேண்டிய கேள்விதான். பாஸில் கொட்டிய யார்டோடு ஒப்பிட்டால் ஓட்டத்தில் வந்தது குறைவு. ரசிகர்கள் கவலைப்பட்டதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கவலைக்கான பதில் ஆகஸ்டில் கிடைக்காது. எதிரணிகள் பாஸுக்குப் பயந்து பின்னால் போகும்போது முன்னால் காலியாகும் இடத்தில் ஓட முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

அக்டோபர் 26 அன்று ஆபர்ன் அந்தச் சோதனையை வைத்தது. முன்வரிசையில் மூன்றே பேர், பாஸைத் தடுக்கப் பின்னால் கூட்டமாக மற்றவர்கள். எல்எஸ்யூ 500 யார்டுக்கு மேல் எடுத்தும் 23 புள்ளிதான் கிடைத்தது. அந்த சீசனிலேயே அவர்கள் எடுத்த குறைந்த ஸ்கோர் அதுதான். ஆனாலும் 23–20 என்று ஜெயித்தார்கள். ஜெயிக்க வைத்தவர் குட்டையான, குண்டு மாதிரி உடம்புள்ள ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். அன்று 136 யார்டு ஓடினார். முதல் ஆள் பிடித்ததும் விழுவது அவரிடம் கிடையாது. இரண்டு வாரம் கழித்து அலபாமாவில் 46–41 என்று ஜெயித்து அந்த எட்டுத் தோல்விகளுக்கு முடிவு கட்டியபோது மொத்தம் நான்கு டச்டவுன் அவருடையது. சீசன் முடிவில் 1,414 யார்டு ஓட்டம், அதற்கு மேல் 55 பாஸ் பிடித்திருந்தார். நாட்டின் சிறந்த அஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் விருதும் அந்த வருடம் எல்எஸ்யூவுக்கே போனது.

2020 முதல் ஆட்டத்தைச் சொன்னீர்களே, அது என்ன கதை?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே அந்த ஆட்டம்தான்.

கொரோனா வருடம். சீசன் தாமதமாகச் செப்டம்பர் கடைசியில் தொடங்கியது. லட்சம் பேருக்கு மேல் உட்காரும் டைகர் ஸ்டேடியத்தில் கால் பங்கு அனுமதிதான். மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் புதிய தலைமைக் கோச் மைக் லீச். ஏர் ரெய்ட் என்ற முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். நாற்பது ஐம்பது முறை எறி, சில பிளேகளை மட்டும் வைத்துக்கொள், அதையே தூக்கத்திலும் தப்பாமல் செய் என்பது அவர் வழி. குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ, ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தவர்.

காஸ்டெல்லோ அன்று 60 முறை எறிந்தார், 36 சேர்ந்தது, 623 யார்டு, 5 டச்டவுன். ஒரே ஆட்டத்தில் அத்தனை பாஸிங் யார்டு எஸ்இசி வரலாற்றில் யாரும் எடுத்ததில்லை. ரன்னிங் பேக் கைலின் ஹில்கூட ஒரு பாஸைப் பிடித்து 75 யார்டு ஓடினார். தோற்றது நடப்பு சாம்பியன். எஸ்இசியில் ஏர் ரெய்ட் எடுபடாது என்று பல வருடமாகச் சொன்னவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நாடே பேசியது. மிசிசிப்பி ஸ்டேட் தரவரிசையில் 16ஆம் இடத்துக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆர்க்கன்சா வந்தது. எஸ்இசியில் அதற்கு முன் வரிசையாக 20 ஆட்டம் தோற்ற அணி. அவர்களிடம் மிசிசிப்பி ஸ்டேட் 21–14 என்று தோற்றது. அதற்கடுத்த வாரம் கென்டக்கியிடம் 24–2. அந்த 2 புள்ளிக்கும் அஃபென்ஸுக்கும் சம்பந்தமில்லை. அஃபென்ஸ் எடுத்தது பூஜ்யம், ஆறு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) வேறு. சீசன் முடிவதற்குள் காஸ்டெல்லோவின் இடம் வில் ராஜர்ஸ் என்ற முதலாண்டு மாணவருக்குப் போய்விட்டது.

ஒரே வாரத்தில் எப்படி அவ்வளவு மாறியது?

மிசிசிப்பி ஸ்டேட் மாறவில்லை, எதிரில் நின்ற டிஃபென்ஸ்தான் மாறியது. எல்எஸ்யூ அன்று பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் முறையில் நின்றது. அதன் சிறந்த கார்னர்பேக் (எதிரணி ரிசீவர்களைக் காவல் காப்பவர்) டெரெக் ஸ்டிங்லி ஜூனியர் உடல்நலக் குறைவால் ஆடவில்லை. ஒருவர் தவறினால் பின்னால் யாரும் இல்லை, நேரே டச்டவுன். அந்தக் காவல் முறையை எப்படி உடைப்பது என்பது ஏர் ரெய்ட் குவார்ட்டர்பேக்குக்கு முதல் நாள் பாடம்.

ஆர்க்கன்சா மூன்று பேரை மட்டும் பாயவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. ஆபர்ன் 2019இல் எல்எஸ்யூவுக்குக் கொடுத்த அதே மருந்து. எறிவதற்கு நேரம் இருக்கும், எறிய இடம் இருக்காது. அப்போது அஃபென்ஸ் ஓட வேண்டும். எட்டுப் பேர் பின்னால் இருக்கும்போது ஐந்து யார்டு ஐந்து யார்டாக ஓடிக்கொண்டே இருந்தால் டிஃபென்ஸ் வேறு வழியில்லாமல் முன்னே வரும். எல்எஸ்யூவிடம் எட்வர்ட்ஸ்-ஹெலேர் இருந்தார். மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு முதல் ஆட்டத்தில் ஓட்டத்தில் கிடைத்தது 9 யார்டு. 623க்குப் பக்கத்தில் அந்த 9ஐ அன்று பெரும்பாலானோர் கவனிக்கவில்லை. எதிரணிகளின் கோச்சுகள் கவனித்துவிட்டார்கள்.

அதனால் முதல் ஆட்டத்தில் பிரமாதமாக ஆடிய எந்த அணியைப் பற்றியும் நான் கேட்பது இதைத்தான்: இன்று வேலை செய்த வழியை அடைத்தால், இரண்டாவது வழி இருப்பதற்கு ஒரு அறிகுறியாவது இன்றைக்குத் தெரிந்ததா?

2019 சாம்பியன் அணிக்கு 2020இல் என்ன ஆயிற்று? அவர்களின் அஃபென்ஸ் எங்கே போனது?

என்எஃப்எல்லுக்கு. பர்ரோ 5,671 யார்டு, 60 டச்டவுன் பாஸ் என்று முடித்து, வருடத்தின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கி, 2020 டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகச் சின்சினாட்டி பெங்கால்ஸுக்குப் போனார். ஜெஃபர்சனும் எட்வர்ட்ஸ்-ஹெலேரும் முதல் சுற்றிலேயே போனார்கள். அந்த அணியிலிருந்து மொத்தம் 14 பேர் தேர்வானார்கள். சேஸ் 2020 சீசனில் ஆடுவதில்லை என்று முடிவு செய்தார். பிரேடி கரோலினா பாந்தர்ஸுக்குப் போய்விட்டார். போன வருடம் எப்படி ஆடினார்கள் என்பதை வைத்து இந்த வருடத்தின் முதல் ஆட்டத்தை எடை போடுவது காலேஜ் ஃபுட்பாலில் மிகப் பெரிய பொறி. சட்டை அதே நிறம்தான், உள்ளே இருக்கும் ஆட்கள் வேறு.

முதல் ஆட்டத்திலேயே சொதப்பினால்? 2025இல் டெக்சாஸுக்கு நடந்த மாதிரி?

2025 சீசனுக்கு முந்தைய ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) தரவரிசையில் டெக்சாஸ் முதலிடம். அந்தக் கல்லூரிக்கு அது முதல் முறை. குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங். என்எஃப்எல் நட்சத்திரங்களாக இருந்த பேட்டன் மேனிங், ஈலை மேனிங் இருவரின் அண்ணன் மகன். எதிர்பார்ப்பைச் சொல்லவே வேண்டாம். ஆகஸ்ட் 30 அன்று கொலம்பஸில் நடப்பு சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14–7 என்று தோல்வி. மேனிங் 30க்கு 17, 170 யார்டு, ஒரு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்.

ரசிகர்கள் முழுப் பழியையும் அந்தப் பையன் தலையில் போட்டார்கள். ஆனால் மொத்த யார்டில் டெக்சாஸ்தான் முன்னிலை, 336க்கு 203. நான்காம் டவுனில் ஐந்து முறை துணிந்து ஒரு முறைதான் வெற்றி. ஆட்டம் கைநழுவியது அங்கேதான். நாட்டின் மிகக் கடினமான மைதானங்களில் ஒன்றில், முந்தைய வருட லைனிலிருந்து நான்கு பேரை இழந்த அணி அது. நான் அன்று மேனிங்கைவிட லைனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருப்பேன். அக்டோபரில் ஃபுளோரிடாவிடம் 29–21 என்று தோற்றபோதும் லைன் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் நவம்பர் கடைசியில் அதுவரை தோல்வியே காணாத டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 27–17 என்று ஜெயித்த மேனிங், ஆகஸ்டில் பார்த்த மேனிங் இல்லை. தேசியப் பிளேஆஃப் இடம் கிடைக்கவில்லை, ஆனால் முதல் ராத்திரி எழுதிய தீர்ப்பும் நிற்கவில்லை.

மோசமான தொடக்கத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். தவறான முடிவுகள் அனுபவத்தால் குறையும். லைன் தள்ளப்படுவது சீசன் நடுவில் அவ்வளவு சுலபமாகச் சரியாகாது.

மொத்த யார்டு கணக்கை நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். 40 புள்ளி முன்னிலையில் மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த யார்டும் அதில் சேர்ந்திருக்கும். காலேஜ் கணக்கில் குவார்ட்டர்பேக் பந்தோடு பிடிபட்டு இழக்கும் யார்டை ஓட்டத்திலிருந்து கழிப்பார்கள், அதனால் ஓட்டக் கணக்கு சில நேரம் நிஜத்தைவிட மோசமாகத் தெரியும். ஒரு பிளேக்குச் சராசரி எத்தனை யார்டு என்று பார்ப்பது இதைவிட மேல்.

இன்னும் நல்லது சக்சஸ் ரேட். பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கின்படி முதல் டவுனில் தேவையில் பாதி, இரண்டாம் டவுனில் 70 சதவீதம், மூன்றாம் நான்காம் டவுனில் முழுவதும் கிடைத்தால் அந்த பிளே வெற்றி. இரண்டு மூன்று நீண்ட டச்டவுனால் வீங்கிய அஃபென்ஸையும், ஒவ்வொரு பிளேயிலும் ஒழுங்காக நகரும் அஃபென்ஸையும் இது பிரித்துக் காட்டிவிடும். ஸ்கோர் ஒருதலையாக ஆவதற்கு முன் நடந்த பிளேகளுக்கு மட்டும் நீங்களே ஒரு தாளில் குறித்துப் பார்க்கலாம், கஷ்டமே இல்லை.

தரவரிசை?

செப்டம்பர் முடியும் வரை அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அப்படியானால் எத்தனை ஆட்டம் பொறுக்க வேண்டும்?

எண்ணிக்கையைவிட எந்த மாதிரி ஆட்டம் என்பதுதான் முக்கியம். வெளியூர் மைதானத்தில் ஒன்று. அங்கே கூட்டத்தின் சத்தத்தில் குவார்ட்டர்பேக்கின் குரல் லைனுக்கே கேட்காது, கைசாடையில் ஆட வேண்டும். முன்வரிசை பலமுள்ள டிஃபென்ஸுக்கு எதிராக ஒன்று. எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தும் அணிக்கு எதிராக ஒன்று. எல்எஸ்யூ 2019இல் முதல் இரண்டையும் சந்தித்தது செப்டம்பர் 7 அன்றே. மூன்றாவதுக்கு அக்டோபர் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை. 15 ஆட்டம், 15 வெற்றி, 726 புள்ளி. 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளெம்சனை 42–25 என்று ஜெயித்துச் சாம்பியன்.

என் அணியின் முதல் ஆட்டம் நேற்றுதான் முடிந்தது. மறுபடி பார்க்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

முதல் பாதியின் மூன்றாம் டவுன்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை. முதல் தடவை பந்தைப் பார்க்காமல் அஃபென்சிவ் லைனின் ஐந்து பேரை மட்டும் பாருங்கள்: யார் பின்னால் தள்ளப்படுகிறார், இரண்டு பேர் இடம் மாறிப் பாய்ந்தால் அவர்களுக்குள் பேசி ஆளை மாற்றிக்கொள்கிறார்களா? இரண்டாம் தடவை, எதிரணி எத்தனை பேரைப் பாயவிட்டது, எத்தனை பேரைப் பின்னால் வைத்தது என்று எண்ணுங்கள். நம் ஆட்கள் எதை எதிர்த்து ஜெயித்தார்கள், எதைப் பார்த்துத் திணறினார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அடுத்த வார எதிரணியின் கோச்சும் இப்போது அதே காட்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.